குவாரிப் பள்ளம் முதல் காட்பாடி சாலை வரை: ட்ரோன் அளவையும் டிப்பர் தடமும்

வேலூர்ப் பக்கம் கல் குவாரியில் எவ்வளவு கல் வெட்டியிருக்கிறார்கள் என்று ட்ரோனில் அளக்கும்போது கணக்கு கெடுவது பெரும்பாலும் உயரத்தில்தான். நாலு ஹெக்டேர் பள்ளத்தில் உயரம் வெறும் 5 செ.மீ. பிசகினால் 2,000 கன மீட்டர் கல் கூடவோ குறையவோ காட்டும். எடையில் அது 5,300 டன். படம் பளிச்சென்று இருக்கும், பிழை கண்ணுக்குத் தெரியாது.

அதனால் முதல் வேலை ட்ரோன் அல்ல, ஒரு நிலையான புள்ளி. வெடி வைக்கும் எல்லைக்கு வெளியே, லாரி ஏறாத பாறையில் துளை போட்டு, கம்பி இறக்கி சிமெண்ட் வையுங்கள். அதன்மேல் ஜி.என்.எஸ்.எஸ். பேஸை (செயற்கைக்கோள் சிக்னலில் இடத்தைக் கணிக்கும் ரிசீவர்) இரண்டு மணி நேரமாவது ஓடவிட்டு, சர்வே ஆஃப் இந்தியாவின் கோர்ஸ் எனும், எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் நிலையத்தின் தரவோடு சேர்த்துக் கணக்கிடுங்கள். அடுத்தடுத்த அளவைகளுக்கும் இதே புள்ளி, இதே எண்கள்தான். ஒவ்வொரு தடவையும் பேஸை நினைத்த இடத்தில் வைத்து அது தானாகச் சொல்லும் ஆயத்தை (இடத்தைக் குறிக்கும் எண்களை) ஏற்றுக்கொண்டால், இரண்டு அளவைகளுக்கு இடையே உயரம் மீட்டர் கணக்கில் தாவிவிடும்.

வேலூரில் ரிசீவர் காட்டும் நீள்வட்டக உயரம் (பூமியைச் சீரான கணித வடிவமாக வைத்து அளப்பது) கடல்மட்ட உயரத்தைவிட 80 மீட்டருக்கும் மேல் குறைவாக இருக்கும். எதில் வேண்டுமானாலும் வேலை செய்யலாம், இரண்டையும் கலக்கக் கூடாது. வரைபட ஆயத்துக்கான மண்டலம் யு.டி.எம். 44 வடக்கு, அதாவது மென்பொருளில் கொடுக்கும் இ.பி.எஸ்.ஜி. குறியீடு 32644. ஓசூர்ப் பக்கம் செய்த பழைய ப்ராஜெக்டை நகலெடுத்தால் அதில் 43 இருக்கும், பார்த்து மாற்றுங்கள்.

பறக்கும் முன் அரசின் டிஜிட்டல் ஸ்கை ட்ரோன் வான்வெளி வரைபடத்தில் மண்டல நிறத்தைப் பாருங்கள். பச்சை மண்டலத்தில் 120 மீட்டர் வரை தனி அனுமதி வேண்டாம். அரக்கோணம் பக்கம் கடற்படை விமானதளம் இருப்பதால் அங்கே அலட்சியம் கூடாது.

20 மெகாபிக்சல், ஒரு அங்குல சென்சார் கேமரா என்றால் 60 மீட்டர் உயரத்தில் ஒரு பிக்சல் 1.6 செ.மீ. ஆனால் அந்த 60 மீட்டரைக் கரையிலிருந்து கணக்கிட்டு, பள்ளம் 40 மீட்டர் ஆழம் இருந்தால், அடித்தளத்தில் பிக்சல் 2.7 செ.மீ. ஆகிவிடும். அப்படியென்றால் பள்ளத்துக்குத் தனியாக ஒரு பறப்பு போடுங்கள். படங்கள் ஒன்றன்மேல் ஒன்று மேற்பொருந்துவது முன்பின் 80, பக்கவாட்டில் 70 சதவீதம். பெஞ்சுகளின் (படிப்படியாக வெட்டிய தளங்களின்) செங்குத்துச் சுவருக்குக் கேமராவைச் சாய்த்து இன்னொரு சுற்று வேண்டும், நேர்கீழாக எடுத்த படங்களில் சுவர் வராது. நேரம் தேர்ந்தெடுப்பதில் ஒரு சிக்கல் உண்டு: சுவர் நிழல் விழாமல் இருக்க நடுப்பகல் வேண்டும், ஆனால் வேலூர் கத்திரி வெயிலில் பல ட்ரோன்களின் 40 டிகிரி வரம்பு அதற்கு முன்பே தாண்டிவிடும். மே மாதத்தில் காலை பத்து மணிக்குள் முடித்துவிட்டு நிழலைச் சகித்துக்கொள்வது மேல்.

தரைக் கட்டுப்பாட்டுப் புள்ளிகள் (தரையில் குறியிட்டு ஜி.என்.எஸ்.எஸ். கொண்டு அளந்த இடங்கள்) எட்டுப் பத்து போதும், எல்லாமே கரையில் இருக்கக் கூடாது. குறைந்தது இரண்டு புள்ளிகள் அடித்தளத்தில் வேண்டும், இல்லாவிட்டால் படங்களிலிருந்து உருவாகும் முப்பரிமாண மாதிரி நடுவில் குழிந்தோ உப்பியோ போகும். மூன்று புள்ளிகளை முப்பரிமாண மாதிரி உருவாக்கச் சேர்க்காமல் சோதனைக்கு மட்டும் ஒதுக்குங்கள். தேங்கிய மழைநீரை மென்பொருள் அளக்காது, கண்டபடி மேடுபள்ளம் போடும். நீர்மட்டத்தை ஜி.என்.எஸ்.எஸ். கொண்டு எடுத்து, ஆழத்தைக் குண்டு கட்டிய கயிற்றாலோ எக்கோ சவுண்டராலோ அளந்து கையால் சேருங்கள்.

வெப்ஓ.டி.எம். போன்ற இலவச மென்பொருளில் டி.எஸ்.எம். (மேற்பரப்பு உயரப் படம்) எடுத்து, பழைய அளவையின் படத்தைப் புதியதிலிருந்து கியூஜிஸ் என்ற வரைபட மென்பொருளில் கழியுங்கள். பொக்லைன், நிறுத்திய டிப்பர், சீமைக்கருவேலம் எல்லாவற்றையும் முதலில் நீக்கிவிட வேண்டும். பிறகு முக்கியமான சோதனை: யாரும் தொடாத பாறைப் பரப்பில் வித்தியாசம் பூஜ்யமாக வர வேண்டும். சீராக 6 செ.மீ. கழித்தல் காட்டினால் அது தோண்டல் அல்ல, உயரப் பிசகு. முழுப் படத்துக்கும் திருத்தம் கொடுங்கள். குத்தகை எல்லைக்கு எஃப்.எம்.பி. எனும் புல அளவைப் படத்தைக் கூகுள் படத்தின் மேல் கண்ணால் பொருத்துவது பலரும் செய்யும் தவறு. களத்தில் கிடைக்கும் நான்கு எல்லைக் கற்களையாவது அளந்து பொருத்தினால்தான் எல்லையை ஒட்டி விடும் பாதுகாப்பு இடைவெளியைப் பற்றிப் பேச முடியும்.

இனி சாலை, அந்தக் கல்லை ஏற்றிச் செல்லும் டிப்பர்களின் கணக்கு. வெட்டிய கல் 10,000 கன மீட்டர் என்றால், அடர்த்தி 2.65 வைத்து 26,500 டன். டிப்பருக்கு 17 டன் என்றால் சுமார் 1,560 நடை. 75 வேலை நாளில் தினம் 21 லோடு, போக, வர இரண்டும் சேர்த்து 42 ஓட்டம். யூனிட்டில் பேசும்போது கவனம்: ஒரு யூனிட் 100 கன அடி, அதுவும் உடைத்த ஜல்லியின் அளவு. பாறையில் இருந்த ஒரு கன மீட்டர் உடைத்தபின் ஏறக்குறைய ஒன்றரை மடங்காக உப்பும், அதாவது அரை யூனிட்டுக்குச் சற்று மேல். நடைச்சீட்டு (ஒவ்வொரு லோடுக்கும் தரும் அனுமதிச் சீட்டு), எடைமேடைக் கணக்கோடு ஒப்பிடும்போது கிரஷர் யார்டில் கிடக்கும் குவியலையும் அளந்து சேர்க்காவிட்டால் இடைவெளி வரத்தான் செய்யும்.

டிப்பரின் ஜி.பி.எஸ். பதிவில் நேரம் பெரும்பாலும் உலகப் பொது நேரமான யு.டி.சி.யில் இருக்கும். ஐந்தரை மணி நேரம் கூட்ட மறந்தால் காலை ஒன்பது மணி நெரிசல் விடியற்காலை மூன்றரைக்குப் போய்விடும். 30 வினாடிக்கு ஒரு புள்ளி என்றால் மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் 250 மீட்டர் இடைவெளி விழும், நகரத்துக்குள் எந்தத் தெருவில் திரும்பியது என்றே தெரியாது. பத்து வினாடிக்கு ஒரு புள்ளி தரச் சொல்லிக் கேளுங்கள். வேலூர் கிரீன் சர்க்கிள் சந்திப்புப் பக்கம் நெடுஞ்சாலையும் சர்வீஸ் சாலையும் ஒட்டியே ஓடுவதால் புள்ளிகள் தவறான சாலையில் ஒட்டிக்கொள்ளும். அங்கே வேகத்தையும் திசையையும் சேர்த்துப் பொருத்துங்கள். பாலாற்றுப் பாலம், காட்பாடி ரயில்வே மேம்பாலம் இரண்டையும் தனித்தனிப் பகுதிகளாக வெட்டி, ஒவ்வொன்றிலும் மொத்தத் தூரத்தை மொத்த நேரத்தால் வகுத்து வேகம் எடுங்கள். புள்ளிவாரி வேகங்களைச் சராசரி போட்டால், டிப்பர் நிற்கும்போது பதிவை நிறுத்திவிடும் கருவிகளில் நெரிசல் காணாமல் போய்விடும்.