ஸ்டியரிங் கனத்தால் உடனே சென்சாரை மாற்றாதீர்கள்

குமுளி மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவில் ஸ்டியரிங் திடீரென்று கனத்து, டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கும் எரிந்தால் யாருக்கும் கை நடுங்கும். பதற வேண்டாம். ஸ்டியரிங்குக்கும் சக்கரத்துக்கும் நடுவே உள்ள இரும்பு இணைப்பு அப்படியேதான் இருக்கிறது. திருப்ப உதவும் எலக்ட்ரிக் மோட்டார் மட்டும் நின்றுவிட்டது. பலத்தைக் கூட்டித் திருப்பினால் வண்டி திரும்பும். ஓரமாக நிறுத்துங்கள்.

அப்புறம் கம்பத்துக்கு இறங்கினாலும் சரி, வண்டிப்பெரியாறு பக்கம் போனாலும் சரி, முதலில் காதில் விழுவது "சென்சார் போச்சு" என்பதுதான். அதை நம்பி உடனே பணத்தை எடுப்பதுதான் முதல் தவறு. எலக்ட்ரிக் ஸ்டியரிங் மோட்டார், நின்ற வண்டியில் முழுதாக ஒடிக்கும்போது பத்துக்கணக்கான ஆம்பியர் இழுக்கும். பேட்டரி சோர்ந்திருந்தாலோ, டெர்மினலில் பச்சை பூத்திருந்தாலோ, எர்த் வயர் துருப்பிடித்திருந்தாலோ வோல்டேஜ் சரிந்து கன்ட்ரோல் யூனிட் உதவியை நிறுத்திவிடும். மழையும் பனியும் ஓயாத இடுக்கிப் பக்கத்தில் இது சகஜம். ஒரு மல்டிமீட்டர் போதும். எஞ்சின் நின்றிருக்கும்போது நல்ல பேட்டரி 12.6 வோல்ட் அளவில் காட்டும். ஓடும்போது பொதுவாக 13.5 முதல் 14.5 வரை இருக்க வேண்டும். பிறகு ஒருவரை ஸ்டியரிங்கை ஒடிக்கச் சொல்லி, பேட்டரி நெகட்டிவுக்கும் ஸ்டியரிங் யூனிட்டின் எர்த்துக்கும் நடுவே அளந்து பாருங்கள். அரை வோல்ட், ஒரு வோல்ட் என்று காட்டினால் குற்றவாளி அந்த வயர்தான். விளக்கே எரியாமல் கனத்தால் டயர் காற்றைப் பார்த்துவிட்டு மற்றதைப் பேசலாம்.

வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனரில் வரும் பழுதுக் குறியீட்டைப் பார்க்காமல் "ஸ்டியரிங் சென்சார்" என்று மட்டும் கேட்டு வாங்குவதும் நடக்கிறது. இரண்டு சென்சார் உண்டு. நீங்கள் எவ்வளவு பலமாகத் திருப்புகிறீர்கள் என்று அளப்பது டார்க் சென்சார். அது ஸ்டியரிங் தண்டில், முறுக்கிக்கொடுக்கும் ஒரு மெல்லிய கம்பியைச் சுற்றி இருக்கும். எவ்வளவு தூரம் திரும்பியது என்று பார்ப்பது ஆங்கிள் சென்சார். வண்டி வழுக்காமல் காக்கும் சிஸ்டத்தின் விளக்கும் கூடவே எரிந்தால் இரண்டாவதைச் சந்தேகிக்கலாம்.

மலிவு விஷயத்தில் என் கட்சி இது: கனெக்டர், டெர்மினல், எர்த் வயர் ஆகியவற்றில் தாராளமாக மிச்சம் பிடியுங்கள். பெயர் தெரியாத டார்க் சென்சாரில் மட்டும் வேண்டாம். பல மாடல்களில் அது தனியாகவே விற்பதில்லை, முழு அசெம்பிளியாகத்தான் வரும். அங்கே செகண்ட் ஹேண்ட் நல்ல வழி. இங்கே ஆக்ரிக் கடை (பழைய சாமான் கடை), தூரம் போக முடிந்தால் கோவை உக்கடம். பழையதைக் கழற்றிக் கையோடு கொண்டுபோய் லேபிளில் உள்ள பார்ட் நம்பரை எழுத்து விடாமல் ஒப்பிடுங்கள்; ஒரே காரிலேயே வேரியண்டுக்கு வேரியண்ட் மாறும். முன்னால் இடித்த வண்டியின் அசெம்பிளி என்றால், எவ்வளவு குறைத்தாலும் விட்டுவிடுங்கள்.

கழற்றும்போது சுத்தியல் தொடவே கூடாது. டார்க் சென்சாரின் அந்த மெல்லிய கம்பி அடிபட்டு லேசாகக் கோணினாலும் சென்சாரின் நடுநிலை தப்பிவிடும். ஏர்பேக் உள்ள வண்டியில் பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, கம்பெனி மேனுவல் சொல்லும் நேரம் காத்திருந்து அப்புறம் கை வையுங்கள். கீழ் இணைப்பைப் பிரித்தபின் ஸ்டியரிங்கைச் சுழல விட்டால், ஹாரனுக்கும் ஏர்பேக்குக்கும் போகும் சுருள் ரிப்பன் அறுந்துபோகும். சென்சார் செலவோடு அதுவும் சேரும். துணியாலோ சீட் பெல்ட்டாலோ கட்டிவையுங்கள்.

பலர் விட்டுவிடுவது கேலிபரேஷன். பழுதுக் குறியீட்டை அழித்தால் விளக்கு அணையும், ஆனால் புது நடுநிலையை யூனிட்டுக்கு ஸ்கேனர் வழியாகச் சொல்லியாக வேண்டும். சமதரையில், சக்கரம் நேராக, ஸ்டியரிங்கில் கை படாமல் செய்ய வேண்டிய வேலை அது. ஒர்க் ஷாப் வாசல் சரிவாக இருந்தால் வண்டியைத் தள்ளிக்கொண்டு போயாவது சமதளம் தேடுங்கள். இல்லாவிட்டால் வண்டி தானாக ஒரு பக்கம் இழுக்கும், நீங்கள் அலைன்மென்ட்டுக்கு வேறு காசு கொடுப்பீர்கள்.