மாட்சு திருவிழா: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சீனர்களின் கடல் தெய்வமான மாட்சுவின் பிறந்தநாள் திருவிழாவைப் பற்றி எழுதும்போதும் பார்க்கப் போகும்போதும் செய்யும் முதல் தவறு பெயரிலேயே தொடங்கிவிடுகிறது. ‘Mazu’ என்ற ஆங்கில எழுத்துகளைப் பார்த்து, தமிழில் ‘மாசு’ என்று எழுதிவிடுகிறார்கள். கடலில் போகிறவர்களைக் காக்கும் தெய்வத்தின் பெயர் நம் மொழியில் அழுக்கு என்று பொருள்படுவது மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது. ‘மாட்சு’ என்று எழுதினால் சீன உச்சரிப்புக்கும் நெருங்கிவிடும். ‘மா’ என்றால் அம்மா, ‘ட்சு’ என்றால் முன்னோர். குலத்து மூத்த தாய் என்று வைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது, அவளை யாரோ ஒரு கடவுளின் மனைவி என்று எழுதுவது. இதற்குக் காரணம் பட்டங்கள். சீனாவை ஆண்ட யுவான் அரசு 1281-இல் ‘தியன்ஃபெய்’ என்ற பட்டம் கொடுத்தது. விண்ணகத்து அரசி, அரசனின் துணைவி என்பதுபோல ஒரு பொருள். பின்னால் வந்த சிங் அரசு அதையும் உயர்த்தி ‘தியன்ஹோ’, அதாவது விண்ணகப் பேரரசி ஆக்கியது. ஹாங்காங்கில் சொல்லும் ‘தின் ஹாவ்’ இதே பெயர்தான். இவை அரசவை கொடுத்த பதவிகள், கல்யாண உறவு அல்ல. மரபுப்படி அவள் 960-இல் ஃபூஜியன் மாகாணத்தின் மெய்சௌ தீவில் பிறந்த லின் குடும்பத்துப் பெண். பிறந்தபோது அழவே இல்லை என்பதால் ‘மோ’, அதாவது மௌனம், என்று பெயர் வைத்தார்களாம். கல்யாணம் ஆகாமலே 987-இல் மறைந்தாள். தறியில் உட்கார்ந்தபடி கண் மூடி, நடுக்கடலில் புயலில் சிக்கிய தன் வீட்டு ஆண்களைக் காக்கப் போனாள் என்ற கதையைப் பல விதமாகச் சொல்கிறார்கள்.

பட்டம் பெரியதாக இருக்கிறதே என்று ஆபத்தில் பட்டத்தைச் சொல்லிக் கூப்பிடக்கூடாது என்று ஒரு நம்பிக்கை உண்டு. சிங் காலத்து அறிஞர் ட்சாவ் யீ இதை எழுதி வைத்திருக்கிறார். ‘மாட்சு’ என்று கூப்பிட்டால் தலையைக்கூட வாராமல் ஓடி வந்துவிடுவாளாம். ‘விண்ணரசி’ என்று கூப்பிட்டால் கிரீடமும் பட்டாடையும் அணிந்துகொண்டுதான் கிளம்புவாளாம், நேரமாகிவிடுமாம். எனக்கு இந்தத் திருவிழாவே இந்த ஒரு நம்பிக்கையில் அடங்கியிருப்பதாகத் தோன்றும். அவள் அந்த மக்களுக்கு வீட்டு மனுஷி.

சரி, தேதி. அவள் பிறந்தநாள் சீனச் சந்திர நாட்காட்டியில் மூன்றாம் மாதம் 23-ஆம் நாள். 2025-இல் அது ஏப்ரல் 20, 2026-இல் மே 9. போன வருஷத் தேதியை நம்பி டிக்கெட் எடுக்கக்கூடாது. இதைவிடப் பெரிய ஏமாற்றம், தைவானின் தாச்சியா ஊரில் மாட்சு கோவிலிலிருந்து கிளம்பும் ஊர்வலமும் அன்றுதான் என்று நினைத்துப் போவது. ஒன்பது நாள், எட்டு இரவு, முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் நடக்கும் அந்த யாத்திரை எந்த நாளில் கிளம்பும் என்பதை, சீனப் புத்தாண்டின் முதல் பௌர்ணமியான விளக்குத் திருவிழா இரவில் அம்மனிடமே கேட்டு முடிவு செய்கிறார்கள். பழைய குறிப்புகளில் ஊர்வலம் பெய்காங் கோவிலுக்குப் போகும் என்று இருக்கும். 1988 முதல் சின்காங்கின் ஃபெங்தியன் கோவிலுக்குத்தான் போகிறது. பெய்காங்குக்குப் போவது பாய்ஷாதுன் என்ற இன்னோர் ஊரின் மாட்சு ஊர்வலம். அதற்கு முன்கூட்டி வகுத்த வழியே கிடையாது. அம்மன் சிலை இருக்கும் பல்லக்கு இழுக்கும் பக்கம் தூக்குகிறவர்கள் போவார்கள். அதனால் “மூன்று மணிக்கு இந்தத் தெருவில் நின்று பார்க்கலாம்” என்ற திட்டமெல்லாம் அங்கே செல்லாது.

கேட்பது என்றேனே, அது பிறைச்சந்திர வடிவில் இரண்டு மரத்துண்டுகளால். ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் உருண்டை. கையில் சேர்த்துப் பிடித்து, பெயரையும் ஊரையும் சொல்லி, கேள்வியைக் கேட்டுக் கீழே போடுவார்கள். ஒன்று தட்டையாகவும் மற்றது உருண்டையாகவும் மேலே தெரிந்தால் சம்மதம். இரண்டிலும் தட்டைப் பக்கம் மேலே இருந்தால் அம்மன் சிரிக்கிறாள், கேள்வி தெளிவாக இல்லை என்று பொருள். இரண்டிலும் உருண்டைப் பக்கம் தெரிந்தால் இல்லை. நம் ஊரில் பூக்கட்டிப் பார்ப்பவர்களுக்கு உடனே புரியும். “வேலை மாறலாமா, வெளிநாடு போகலாமா” என்று இரண்டைச் சேர்த்துக் கேட்பதுதான் இங்கே எல்லோரும் செய்யும் பிழை. ஒரு தடவைக்கு ஒரு கேள்வி.

பல்லக்கு வரும்போது சாலையில் ஜனங்கள் வரிசையாகக் குப்புறப் படுத்துக்கொள்வார்கள், முதுகுக்கு மேலே பல்லக்கு கடந்து போகும். அருள் கேட்டும் நோய் தீர வேண்டியும் படுக்கிறார்கள். முதுகுப்பையோடு படுத்தால் பல்லக்கு தட்டும், தொப்பியையும் பையையும் முதலில் கழற்றி வையுங்கள். அப்புறம், தயவுசெய்து செல்போனை நீட்டிக்கொண்டு பல்லக்குக்கு முன்னால் ஓடாதீர்கள். கண்ணீரோடு படுத்திருக்கும் ஒருவர் உங்கள் படத்துக்காக அங்கே வரவில்லை.

வழிநெடுகச் சாப்பாடும் தண்ணீரும் இலவசமாகத் தருவார்கள். தின்ன முடிந்ததை மட்டும் வாங்குங்கள். அம்மனுக்கு இருபுறமும் கோரைப்பல்லோடு நிற்பவர்களை அரக்கர்கள் என்று ஒதுக்க வேண்டாம். அடங்கிப்போய் அவளுக்குக் காவலானவர்கள். ஒருவன் தொலைதூரம் பார்ப்பான், மற்றவன் காற்றில் வரும் சத்தத்தைக் கேட்பான். சில கோவில்களில் அம்மன் முகம் கறுப்பாக இருப்பதைப் பார்த்து வேறு தெய்வமோ என்று குழம்பவும் வேண்டாம். பல தலைமுறை ஊதுவத்திப் புகை படிந்த நிறம் அது என்பார்கள்.

இது சீனர்கள் விஷயம், நமக்கென்ன என்று நினைப்பதும் தவறுதான். சிங்கப்பூர் தெலுக் ஆயர் தெருவுக்குப் போய்ப் பாருங்கள். சீனாவிலிருந்து பத்திரமாகக் கரையேறியவர்கள் நன்றி சொல்லி 1839 முதல் 1842 வரை மாட்சுவுக்குக் கட்டிய தியான் ஹாக் கெங் கோவில் அங்கே இருக்கிறது. அதே தெருவில், சில எட்டு தள்ளி, சோழமண்டலக் கரையிலிருந்து போன தமிழ் முஸ்லிம்கள் 1828-30 வாக்கில் எழுப்பிய நாகூர் தர்கா. நடுக்கடலில் ஓட்டை விழுந்த கப்பலை, சவரம் செய்துகொண்டிருந்த நாகூர் ஆண்டவர் கையிலிருந்த கண்ணாடியை எறிந்து அடைத்தார் என்று நம் பாட்டிமார் சொல்வார்கள். அங்கே தறி, இங்கே கண்ணாடி. அன்றைக்கு அந்தத் தெருவை ஒட்டித்தான் கடல் இருந்தது.