மாரிட் பியோர்கெனின் பதக்கங்களை எண்ணத் தொடங்கும் முன்

குளிர்கால ஒலிம்பிக் நெருங்கினால் போதும், ஒரு பட்டியல் சுற்றத் தொடங்கிவிடும். நார்வேயின் மாரிட் பியோர்கென்: 8 தங்கம், 4 வெள்ளி, 3 வெண்கலம், மொத்தம் 15. எண்ணில் பிழை இல்லை. 2018-ல் அவர் விடைபெற்றபோது குளிர்கால ஒலிம்பிக்கில் அவ்வளவு பதக்கம் வேறு யாரிடமும் கிடையாது. பிழையெல்லாம் அந்த எண்ணுக்குக் கீழே எழுதப்படும் விளக்கங்களில்தான். அவருடைய விளையாட்டு கிராஸ் கன்ட்ரி ஸ்கீயிங், அதாவது ஸ்கீ எனும் நீண்ட பலகைகளைக் காலில் மாட்டிக்கொண்டு பனியில் நெடுந்தூரம் போவது; நமக்கு அது அவ்வளவாகப் பழக்கமில்லை. அதனால் ஓட்டப்பந்தயத்தையோ நீச்சலையோ படிக்கிற மாதிரியே இதையும் படித்துவிடுகிறோம்.

அதற்கும் முன்னால் ஒரு ஆள் மாறாட்டம். ஒலே எய்னார் பியோர்ண்டாலன் என்றொரு நார்வேக்காரர் இருக்கிறார், 13 ஒலிம்பிக் பதக்கம், அவருக்கும் தங்கம் எட்டுதான். ஆனால் அவருடைய விளையாட்டு பயாத்லான், முதுகில் துப்பாக்கியைச் சுமந்துபோய் இடையிடையே சுடுவது. பியோர்கென் துப்பாக்கியைத் தொடுவதில்லை. பெயர் காதில் ஒரே மாதிரி விழுவதால் படம் ஒருவருடையதும் சாதனை மற்றவருடையதுமாக வந்த பதிவுகள் ஏராளம்.

மூன்று கணக்கை ஒன்றாக்குவது

ஒலிம்பிக் நான்கு ஆண்டுக்கு ஒருமுறை. உலக சாம்பியன்ஷிப் ஒற்றைப்படை ஆண்டுகளில். உலகக் கோப்பை இரண்டிலும் சேராது. அது ஒவ்வொரு குளிர்காலமும் ஊர் ஊராக நடக்கும் தொடர், சீசன் முடிவில் புள்ளியைக் கூட்டிப் பார்த்து ஒருவருக்குப் பட்டம் தருவார்கள். நமக்கு உலகக் கோப்பை என்றால் நான்கு ஆண்டுக்கு ஒருமுறை வரும் பெரிய திருவிழா என்று மனதில் பதிந்திருப்பதால் இந்த இடத்தில் தடுமாற்றம் வருகிறது. பியோர்கெனின் கணக்கில் உலக சாம்பியன்ஷிப் தங்கம் 18, உலகக் கோப்பைப் பந்தய வெற்றி 114, சீசன் பட்டம் 4. மூன்றும் தனித்தனிப் பேரேடு. "114 முறை உலகக் கோப்பை வென்றவர்" என்று எழுதினால் அர்த்தமே மாறிவிடுகிறது.

ஒலிம்பிக்கை மட்டும் பார்ப்பது இதைவிட மோசம். 1980-ல் பிறந்து ரோக்னெஸ் என்ற சிற்றூரில் பண்ணை வீட்டில் வளர்ந்த இவருக்கு 2002, 2006 இரண்டு ஒலிம்பிக்கிலும் சேர்த்துக் கிடைத்தது இரண்டே வெள்ளி. அந்தப் பட்டியலை வைத்துப் பார்த்தால் 29 வயதுவரை அவர் சுமாரான வீராங்கனை. அதே காலத்தில் 2003-ல் ஸ்பிரின்ட்டில் உலக சாம்பியன், 2005-ல் ஓபர்ஸ்டார்ஃப் உலக சாம்பியன்ஷிப்பில் மூன்று தங்கம், 2005, 2006 இரண்டு சீசனிலும் உலகக் கோப்பைப் பட்டம். 'தாமதமாக மலர்ந்தவர்' என்ற கதை ஒலிம்பிக் பட்டியலிலிருந்து மட்டும் பிறந்த கதை.

பந்தயத்தின் பெயரைப் படித்துவிட்டு, பாணியைப் படிக்காமல் விடுவது

என் கணக்கில் அதிகம் பேர் விழும் பள்ளம் இதுதான். இந்த விளையாட்டில் இரண்டு பாணி. கிளாசிக்கில், பனியில் வெட்டிவைத்த இரண்டு இணைத் தடங்களில் ஸ்கீக்கள் நேராக ஓட வேண்டும். மேட்டில் பின்னுக்கு வழுக்காமல் இருக்கக் காலடிப் பகுதியில் பிடிப்பு மெழுகு பூசுவார்கள். ஃப்ரீஸ்டைலில் ஐஸ் ஸ்கேட்டிங் காலணி போட்டவர்களைப் போல இருபக்கமும் தள்ளித் தள்ளிப் போகலாம். வேகம் அதிகம், உழைக்கும் தசையும் வேறு. டெஸ்ட் சராசரியையும் டி20 சராசரியையும் நாம் ஒன்றாகக் கூட்ட மாட்டோம் அல்லவா, அந்த அளவு வித்தியாசம்.

சிக்கல் என்னவென்றால், ஒரே தூரத்துக்கு ஒலிம்பிக்குக்கு ஒலிம்பிக் பாணி மாறும். பெண்கள் 10 கி.மீ. 2006-ல் கிளாசிக், 2010-ல் ஃப்ரீஸ்டைல், 2014-ல் மறுபடி கிளாசிக், 2018-ல் மறுபடி ஃப்ரீஸ்டைல். ஸ்பிரின்ட்டும் அப்படியே. 2010-ல் வான்கூவரில் பியோர்கென் வென்றது கிளாசிக் ஸ்பிரின்ட். (பயிற்சியின்போது பள்ளத்தில் விழுந்து விலா எலும்பு முறிந்த நிலையிலும் ஸ்லோவேனியாவின் பெட்ரா மைடிச் வெண்கலம் வாங்கியது அந்தப் பந்தயத்தில்தான்.) 2014-ல் சோச்சியில் நடந்தது ஃப்ரீஸ்டைல் ஸ்பிரின்ட், அதில் அரையிறுதியோடு வெளியேறினார். இதைப் 'பட்டத்தைப் பறிகொடுத்தார்' என்று எழுதுவது தப்பு.

ஒழுங்காக ஒப்பிட வேண்டுமானால் 30 கி.மீ. பந்தயத்தை எடுத்துக்கொள்ளலாம். 2010-லும் 2018-லும் அது கிளாசிக், இரண்டிலும் எல்லோரும் ஒரே நேரத்தில் புறப்படும் மாஸ் ஸ்டார்ட். வான்கூவரில் பியோர்கெனும் போலந்தின் யுஸ்தினா கொவால்சிக்கும் கடைசி நேர்ப்பாதைக்குள் ஒன்றாக நுழைந்தார்கள். அரைமணி அல்ல, ஒன்றரை மணி நேரம் போட்ட உழைப்பு 0.3 நொடியில் தீர்ந்தது, தங்கம் கொவால்சிக்குக்கு. எட்டு ஆண்டு கழித்து பியோங்சாங்கில், 37 வயதில், இரண்டாவதாக வந்த பின்லாந்தின் கிறிஸ்டா பார்மகோஸ்கியைவிட 1 நிமிடம் 49.5 நொடி முன்னால் பியோர்கென் எல்லைக்கோட்டைக் கடந்தார். அப்போது கோட்டுப் பக்கத்தில் வேறு யாருமே இல்லை. பட்டியலில் ஒன்று வெள்ளி, ஒன்று தங்கம், அவ்வளவுதான் தெரியும்.

அப்புறம் பெயர் மாற்றம். 2010-ல் பர்சூட் என்று அழைத்ததும் 2014-ல் ஸ்கியாத்லான் என்று அழைத்ததும் ஒரே பந்தயம், 7.5 கி.மீ. கிளாசிக், நடுவில் ஸ்கீயை மாற்றிக்கொண்டு 7.5 கி.மீ. ஃப்ரீஸ்டைல். இரண்டிலும் பியோர்கெனுக்குத் தங்கம். ஆனால் 1990-களின் பட்டியலில் பர்சூட் என்று பார்த்தால் அது வேறு: முந்தைய பந்தயத்தில் விட்ட நேர இடைவெளியோடு ஒவ்வொருவராகப் புறப்பட்டுத் துரத்துவது.

நேரத்தை ஒப்பிடுவது

மாரத்தானுக்கு உலக சாதனை நேரம் உண்டு. இங்கே அப்படி ஒன்று கிடையாது. பனி ஈரமா, பொடியா, பாதையில் எத்தனை மேடு என்பதைப் பொறுத்து நேரம் தலைகீழாகும். 'முன்பைவிட இரண்டு நிமிடம் வேகம்' என்ற வரியைக் கண்டால் தாண்டிப் போங்கள். அதே பந்தயத்தில் அடுத்தவரோடு உள்ள இடைவெளி மட்டும்தான் பேசும். நேரலை பார்ப்பவர்களுக்கு இன்னொன்று: தனித்தனியாகப் புறப்படும் பந்தயத்தில் 30 நொடிக்கு ஒருவரை அனுப்புவார்கள். திரையில் முன்னால் போகிறவர் முதலிடத்தில் இருக்க வேண்டியதில்லை.

பியோர்கெனா, டேலியா?

1990-களின் நாயகன், நார்வேயின் பியோர்ன் டேலிக்கும் 8 ஒலிம்பிக் தங்கம், மொத்தம் 12. '15 பெரிதா 12 பெரிதா' என்று விவாதம் தொடங்கினால் முதலில் கேட்க வேண்டியது, அன்று எத்தனை பந்தயம் இருந்தது என்பதுதான். ஸ்பிரின்ட் ஒலிம்பிக்கில் நுழைந்ததே 2002-ல், குழு ஸ்பிரின்ட் 2006-ல். டேலியின் கடைசி ஒலிம்பிக் 1998. உலகக் கோப்பையிலும் அப்படித்தான்: டேலி வென்றது 46 பந்தயம், பியோர்கென் 114. ஆனால் சில நாட்களுக்குள் பல கட்டமாக நடக்கும் டூர் டி ஸ்கீ 2006 டிசம்பர் கடைசியில்தான் தொடங்கியது, அதன் கட்ட வெற்றிகளும் பிந்தைய கணக்கில் சேர்கின்றன. சீசன் பட்டத்தில் டேலிக்கு ஆறு, பியோர்கெனுக்கு நான்கு. எந்தக் கணக்கைக் காட்டுகிறோமோ அதற்கேற்ப ஜெயிக்கிறவர் மாறுகிறார்.

தனிநபர், குழு என்று பிரிப்பதும் நல்லது. பியோர்கெனின் 15-ல் ரிலேவிலும் குழு ஸ்பிரின்ட்டிலும் வந்தவை ஐந்து. எட்டுத் தங்கத்தில் தனியாக வென்றவை ஐந்து.

தோற்றால் கால்தான் காரணம் என்பது

2014 சோச்சி ரிலேயில் நார்வே பெண்கள் ஐந்தாவதாக வந்தார்கள். வயதாகிவிட்டது என்று எழுதியவர்கள் உண்டு. அன்று நார்வேயின் ஸ்கீக்கள் அந்தப் பனியில் சரியாக ஓடவில்லை, மெழுகுத் தேர்வு காலை வாரிவிட்டது. ஒரு வாரம் கழித்து அதே ஊரில் 30 கி.மீ. பந்தயத்தில் தங்கம், வெள்ளி, வெண்கலம் மூன்றும் நார்வேக்கு, முதலில் பியோர்கென். டேலிக்கும் இது நடந்திருக்கிறது: 1998 நகானோவில் 30 கி.மீ. கிளாசிக்கில் அவருக்கு 20-வது இடம். அதே ஒலிம்பிக்கில் மூன்று தங்கம் வாங்கிய ஆள்.

2009 லிபெரெக் உலக சாம்பியன்ஷிப்பில் பியோர்கெனுக்கு ஒரு பதக்கம்கூட இல்லை. அத்தோடு கதை முடிந்தது என்று நினைத்தவர்களுக்கு அடுத்த ஆண்டே வான்கூவரில் ஐந்து பதக்கம் விழுந்தது, அதில் மூன்று தங்கம். 2015 டிசம்பரில் குழந்தை பிறந்தபோதும் அதே ஆரூடம். 2017 லாத்தி உலக சாம்பியன்ஷிப்பில் நான்கு தங்கம்.

மருந்து விவகாரங்களைக் குழப்புவது

இதில் நிதானம் வேண்டும், ஏனென்றால் ஒருவர் மேல் தவறான பழி விழுகிறது. மூன்று நார்வே ஸ்கீ வீரர்களின் பெயர்கள் ஒன்றாகக் கலக்கப்படுகின்றன. பியோர்கெனுக்கு ஆஸ்துமா உண்டு. அன்றைய விதிப்படி தேவைப்பட்ட சிறப்பு அனுமதியைப் பெற்று மருந்து எடுத்தார். கொவால்சிக் அதை வெளிப்படையாகக் குறை சொன்னார். ஆனால் பியோர்கென் மேல் தடை எதுவும் வந்ததில்லை. அந்த அனுமதி முறையே நியாயமா என்று கேட்கலாம், நானும் கேட்பேன். அது விதியைப் பற்றிய கேள்வி, ஆளைப் பற்றியதல்ல.

தெரேசே யோஹாக் விஷயம் வேறு. 2016-ல் இத்தாலியின் லிவின்யோவில் பயிற்சியின்போது வெயிலில் வெந்த உதட்டுக்கு அணி மருத்துவர் வாங்கித் தந்த களிம்பில் குளோஸ்டெபால் என்ற தடைசெய்யப்பட்ட ஸ்டீராய்டு இருந்தது. பெட்டியின் மேலேயே எச்சரிக்கை அச்சாகி இருந்ததுதான் கொடுமை. முதலில் 13 மாதத் தடை, மேல்முறையீட்டில் 18 மாதமானது, 2018 ஒலிம்பிக் கைவிட்டுப் போனது.

மூன்றாவது மார்ட்டின் யான்ஸ்ருட் சுன்ட்பி. ஆஸ்துமா மருந்தை அளவுக்கு மேல் எடுத்ததாக 2016-ல் தீர்ப்பு, இரண்டு மாதத் தடை. தடை சிறிது, விளைவு பெரிது: 2014–15 சீசன் பட்டம் சுவிட்சர்லாந்தின் டாரியோ கோலோனியாவுக்கும் 2015 டூர் டி ஸ்கீ பெட்டர் நோர்துக்குக்கும் போனது. அதற்கு முன் எழுதிய கட்டுரைகளில் இன்றும் சுன்ட்பிதான் வெற்றியாளர். பழைய கட்டுரையை எடுத்துப் பட்டியல் போடுகிறவர் தீர்ப்புக்குப் பிந்தைய பட்டியலோடு ஒருமுறை ஒத்துப்பார்ப்பது அவசியம்.

கடைசியாக ஒன்று, இனி வரும் ஒப்பீடுகளுக்கு. பியோர்கெனின் காலத்தில் பெரிய போட்டிகளில் பெண்களுக்கு மிக நீண்ட தூரம் 30 கி.மீ.தான், ஆண்களுக்கு 50. 2022–23 சீசனிலிருந்து உலகக் கோப்பையில் இருபாலருக்கும் தூரம் ஒன்றாக்கப்பட்டது. உலக சாம்பியன்ஷிப்பில் பெண்கள் முதன்முதலாக 50 கி.மீ. ஓடியது 2025-ல் அவர் பிறந்த ஊரான திரோன்ஹெய்மில். வென்றவர் சுவீடனின் ஃப்ரிடா கார்ல்சன்.