பழைய ஜீப் பிளாக்கைக் காயலான் கடைக்குப் போடும் முன்

லோயர் கேம்ப் தாண்டிக் குமுளி மலை ஏறும்போது ஜீப் கொதித்தால், ஓடைத் தண்ணீரைப் பிடித்து அப்படியே ரேடியேட்டரில் ஊற்றுவது அந்தக் காலத்து டிரைவர்களின் அவசரம். கொதிக்கிற வார்ப்பிரும்பில் சில்லென்ற தண்ணீர் பட்டால் சிலிண்டர்கள் உள்ள இஞ்சின் உடலான பிளாக் கீறிவிடும். எங்கள் பக்கம் கொட்டகைகளில் கிடக்கும் மகிந்திரா சிஜே3பி பெட்ரோல் இஞ்சின்கள் பலவற்றுக்கு இந்தக் கதைதான். ஏலத் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிய வண்டி, தூக்கிப் போட மனசு வராது. கீறல் இருக்கிறதா என்று பார்க்காமலே உடனே லேத் பட்டறைக்குக் கொண்டு போகிறோம். அங்கேதான் முதல் தவறு.

நானும் அதைச் செய்தேன். சிலிண்டர் தேய்ந்திருக்கிறது என்று நாற்பது ஓவர்சைஸ் போரிங் போட்டு (அங்குலத்தில் ஆயிரத்தில் நாற்பது பங்கு அகலமாகக் குடைந்து), புது பிஸ்டனும் வாங்கிப் பூட்டினேன். மூன்றாம் நாள் ஆயிலில் தண்ணீர் கலந்து பால் டீ நிறத்துக்கு மாறியது. புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் வால்வு உட்காரும் சீட்டுக்கும் சிலிண்டருக்கும் நடுவே மயிரிழைக் கீறல், சிலிண்டரைச் சுற்றித் தண்ணீர் ஓடும் ஜாக்கெட் வரை இறங்கியிருந்தது. போரிங் கூலி, பிஸ்டன் காசு எல்லாம் போச்சு. இந்த இஞ்சினில் பெட்ரோலும் காற்றும் உள்ளே போகும் இன்டேக் வால்வு மேல்மூடியான ஹெட்டில் இருக்கும், எக்ஸாஸ்ட் வால்வு பிளாக்கிலேயே இருக்கும். சூடு முழுக்க அந்த ஒடுக்கமான இடத்தில் இறங்குவதால் முதலில் அங்கே பாருங்கள்.

சோதிக்கச் செலவு அதிகமில்லை. நன்றாகக் கழுவிய பிளாக்கில் மண்ணெண்ணெய் தடவி, சற்று ஊறவிட்டு, சுத்தமாகத் துடைத்துச் சாக்பீஸ் தூளைப் பூசினால், கீறலுக்குள் போன எண்ணெய் கசிந்து கோடு காட்டும். ஜாக்கெட்டின் உட்புறத்துக்கு இது போதாது. தண்ணீர் வழிகளைத் தகடு வைத்து அடைத்து, காற்று ஏற்றி, வெந்நீர்த் தொட்டியில் முக்கிக் குமிழி வருகிறதா பார்க்க வேண்டும். சில கீறல்கள் சூட்டில்தான் வாய் திறக்கும்.

ஓட்டையின் அளவைப் பார்த்துப் பயப்படுவதும் தவறு. பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடு உடைத்துக்கொண்டு வந்த பக்கச் சுவர் பார்க்கக் கோரமாக இருக்கும், ஆனால் அங்கே பாரம் குறைவு, பெரும்பாலும் அடைத்துவிடலாம். கிராங்க் தண்டு சுழலும் மெயின் பேரிங்கைத் தாங்கும் குறுக்குச் சுவரில் நகக்கீறல் அளவு விரிசல் இருந்தாலும் நான் அந்தப் பிளாக்கைத் தொட மாட்டேன். கிராங்கைத் தாங்க மூன்றே மெயின் பேரிங் உள்ள இஞ்சின் இது. வெறும் சிலிண்டர் தேய்மானம் என்றால் கவலையே வேண்டாம், ஸ்லீவ் என்ற புது உள்குழாயை அடித்துப் பழைய 79.4 மில்லிமீட்டர் விட்டத்துக்கே கொண்டுவரலாம்.

பக்கத்து வெல்டிங் கடையில் சாதாரண ராடு வைத்து ஒட்டிவிடாதீர்கள். வார்ப்பிரும்பில் கரி மிகுதி. ஓரிடம் மட்டும் சூடேறிச் சட்டென ஆறினால், ஒட்டின ஓரம் கண்ணாடிபோல் இறுகிப் புதிதாகக் கீறும். நிக்கல் ராடு வேண்டும், முழு பிளாக்கையும் சூடேற்ற வேண்டும், பிறகு சாம்பலில் புதைத்து மெதுவாக ஆறவிட வேண்டும். இதற்கு வசதியில்லையென்றால் ஸ்டிச்சிங் நல்லது: கீறலின் நெடுகத் துளையிட்டுத் திருகு முளைகளை ஒன்றையொன்று கடிக்கும்படி இறுக்குவார்கள், சூடே தேவையில்லை.

வேறு இஞ்சின் மாட்டிவிடலாமே என்பவர்களுக்கு ஒன்று. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு தாண்டி, இஞ்சினும் சேசிஸும் பெரிதாக மாறாத வண்டிக்குத்தான் 2021இல் வந்த மத்திய விதிப்படி பழம்பெரும் வண்டி என்ற விண்டேஜ் பதிவு. இஞ்சின் நம்பர் அடித்திருப்பது பிளாக்கில். துருவைச் சுரண்டும்போது கிரைண்டர் அதன்மேல் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், நம்பர் அழிந்தால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் காட்ட ஒன்றும் இருக்காது.