கூடாரத்தில் இடுப்பு இறுகியது ஏன்?

ஆறு வருடமாக எனக்குக் கீழ்முதுகு வலி. வீட்டில் சமாளித்துவிடுவேன். ஆனால் குளிரான மலைப்பகுதியான கொழுக்குமலையில் கூடாரம் போட்டுத் தங்கிய இரண்டு முறையும் அதிகாலை 3 மணிக்கு இடுப்பு பலகை மாதிரி இறுகிவிட்டது. புரண்டு படுக்கக்கூட முடியவில்லை.

தரை உறுத்துகிறது என்று நினைத்து, இன்னும் தடிமனான காற்று மெத்தை வாங்கினேன். வலி கூடியதுதான் மிச்சம். இரண்டாவது முறை மேலே இரண்டு கம்பளி. அதுவும் பலிக்கவில்லை. வீட்டு மொட்டை மாடியில் அதே மெத்தையில் படுத்துப் பார்த்தால் ஒரு தொந்தரவும் இல்லை!

அப்புறம்தான் ஒன்று ஞாபகம் வந்தது. வலித்த இரவுகளில் வயிறும் மார்பும் கதகதப்பாக இருந்தன. மெத்தையில் படிந்திருந்த முதுகு மட்டும் சில்லென்று இருந்தது. சாதாரணக் காற்று மெத்தைக்குள் காற்று சுழன்றுகொண்டே இருப்பதால், உடம்புச் சூட்டைத் தரைக்குக் கடத்திவிடுகிறது. மெத்தை பெரிதாக இருந்தால் உள்ளே சுழலவும் இடம் அதிகம். குளிரில் காற்று சுருங்குவதால் மெத்தையும் தளர்ந்து, இடுப்பு குழிக்குள் இறங்கிவிடுகிறது.

மூன்றாவது முறை ஒரு ஃபோம் யோகா பாயை மெத்தைக்கு மேலே விரித்தேன். பலரும் அதைக் கீழேதான் போடுகிறார்கள். நானும் முதல் முறை அப்படித்தான் போட்டிருந்தேன். மாலையில் ஊதிய மெத்தைக்கு, குளிர் இறங்கியபின் இரவு 10 மணிக்கு இன்னொரு தடவை காற்றடித்தேன். முழங்காலுக்கு அடியில் சுருட்டிய ஜெர்கின்.

5 மணி வரை ஒரே தூக்கம். எழுந்து, இடுப்பு பிடிக்காமலேயே குனிந்து ஷூ மாட்டினேன். அவ்வளவு நிம்மதி.