முகப்பில் நின்று கூப்பிட்ட கதை: ஏஜென்ட் டூல் குறிப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரைக்குடியில் எங்கள் பழைய வீட்டுப் பட்டாலைதான் என் ஆபீஸ். கல்லூரி முடித்த இரண்டு பேர் மூன்று மாதமாக வந்து வேலை பழகுகிறார்கள். குபர்னெட்டிஸ் என்பது பல கணினிகளை ஒரு கூட்டமாக (கிளஸ்டர்) வைத்து அதில் செயலிகளை ஓட்டும் மென்பொருள். அதில் எந்த டெப்ளாய்மென்ட் (ஓட்டச் சொல்லி ஏற்றிய செயலி) ஓடுகிறது, எது விழுந்து கிடக்கிறது என்று ஏஐ ஏஜென்ட் தானே கேட்டுத் தெரிந்துகொள்ள ஒரு எம்சிபி சர்வர் (ஏஜென்ட் கூப்பிடக்கூடிய டூல்களைத் தரும் இணைப்பு) வைத்திருக்கிறோம். அதிலுள்ள ஒவ்வொரு டூலும் என்ன செய்யும் என்று ஏஜென்ட் படித்துத் தெரிந்துகொள்ளும் குறிப்பை எழுதும் வேலையை இருவரிடமும் கொடுத்தேன். போன வாரம் எழுதிக்கொண்டு வந்தார்கள். அச்சு அசலாக நான் முதன்முதலில் எழுதிய குறிப்பு, தவறு உட்பட.

எழுத்துப்பிழை, பழைய உதாரணம், பாராமீட்டர் பெயர் மாறிப்போனது போன்றவற்றை ரிவ்யூவில் யாராவது பிடித்துவிடுவார்கள். அதை விடுங்கள்.

வெறும் (காலிப்) பட்டியலுக்கு அர்த்தம் எழுதாதது

என் பழைய குறிப்பு ஒரே வரிதான்: “டெப்ளாய்மென்ட்களைப் பட்டியலிடும்.” நேம்ஸ்பேஸ் (கிளஸ்டருக்குள் பிரித்து வைத்த தனிப் பகுதி) கொடுக்காவிட்டால் அந்த டூல் ‘டிஃபால்ட்’ நேம்ஸ்பேஸில் மட்டும் தேடும். டூலின் நிரலை எழுதிய எனக்கு அது தெரியும், அதனாலேயே எழுதத் தோன்றவில்லை.

ஒருநாள் நடு இரவில் அலாரம் அடித்தது. பாதித் தூக்கத்தில் ஏஜென்டிடம், வாடிக்கையாளருக்கு மெயில் அனுப்பும் சர்வீஸ் ஓடுகிறதா என்று கேட்டேன். அது நேம்ஸ்பேஸ் கொடுக்காமல் டூலைக் கூப்பிட்டது, வெறும் பட்டியல் வந்தது. “அப்படி ஒரு டெப்ளாய்மென்ட் கிளஸ்டரில் இல்லை” என்று அடித்துச் சொன்னது. யாரோ அழித்துவிட்டார்கள் என்று நினைத்து, கையில் இருந்த பழைய மேனிஃபெஸ்டை (எதை எப்படி ஓட்ட வேண்டும் என்று எழுதிய கோப்பு) எடுத்து அப்ளை செய்துவிட்டுப் படுத்துவிட்டேன். உண்மையில் அந்த சர்வீஸ் வேறொரு நேம்ஸ்பேஸில் நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது. நான் ஏற்றிய பழைய பிரதி, ஏற்கெனவே போன மெயில்களை எல்லாம் விடியும்வரை மறுபடி அனுப்பிக்கொண்டிருந்தது. மன்னிப்புக் கடிதம் எழுதியே நான்கு நாள் போனது. இப்போது நினைத்தாலும் எரிச்சலாக இருக்கிறது.

பையன்களுக்கு இதை வீட்டை வைத்தே சொன்னேன். செட்டிநாட்டு வீடு இந்தத் தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். வளவை (நடு முற்றம்) சுற்றி ஒவ்வொரு புள்ளிக்கும் (கல்யாணமான குடும்பத்துக்கும்) தனித்தனி அறை. முகப்பில் நின்று ஒருதரம் குரல் கொடுத்துவிட்டு, பதில் இல்லை என்றதும் வீட்டில் ஆளே இல்லை என்று சொல்லலாமா? ஆச்சி பின்கட்டில் வத்தல் காயப்போட்டுக்கொண்டிருப்பார். ஒருவன் சிரித்துவிட்டு, “அண்ணே, அப்ப எல்லா அறையையும் தட்டணுமா?” என்றான். தட்டணும், இல்லையென்றால் எந்த அறையைத் தட்டினேன் என்றாவது சொல்லணும்.

இதில் இன்னொரு குழி உண்டு. நேம்ஸ்பேஸ் பெயரை ஓர் எழுத்து தப்பாகக் கொடுத்தாலும் குபர்னெட்டிஸ் பிழை காட்டாது. இல்லாத நேம்ஸ்பேஸில் தேடினாலும் நல்லபிள்ளையாக வெறும் பட்டியலைத் தரும். தேடக் கொடுத்த லேபிள் (டெப்ளாய்மென்டில் ஒட்டிய அடையாளச் சீட்டு) பொருந்தாவிட்டாலும் அதே வெறும் பட்டியல். அனுமதி இல்லாவிட்டால் மட்டும் 403 என்ற மறுப்புப் பிழை வரும். ஆனால் அதையும் பிடித்து விழுங்கிவிட்டு வெறும் பட்டியல் தரும் டூல்களைப் பார்த்திருக்கிறேன். ஆக நான்கு காரணத்துக்கும் ஒரே பதில். மனுஷனாக இருந்தால் எந்த நேம்ஸ்பேஸ் என்று திருப்பிக் கேட்பான். ஏஜென்ட் கையில் இருப்பது நம் குறிப்பும் டூல் தந்த பதிலும்தான். அதில் இல்லாததை அது ஊகித்துக்கொள்ளும்.

இப்போது எங்கள் குறிப்பு இப்படி இருக்கிறது: “ஒரு நேம்ஸ்பேஸில் உள்ள டெப்ளாய்மென்ட்களைத் தரும். நேம்ஸ்பேஸ் கொடுக்காவிட்டால் டிஃபால்டில் மட்டும் தேடும். வெறும் பட்டியல் வந்தால் தேடிய இடத்தில் இல்லை என்று மட்டுமே பொருள், கிளஸ்டரில் இல்லை என்று பொருள் அல்ல. இல்லை என்று சொல்வதற்கு முன் எல்லா நேம்ஸ்பேஸிலும் தேடு.” நீளம்தான், இருக்கட்டும். கூடவே டூலின் பதிலிலேயே ‘தேடிய நேம்ஸ்பேஸ், கிடைத்த எண்ணிக்கை’ இரண்டையும் சேர்த்துவிட்டோம். காலிப் பட்டியலைக் காட்டும் வெறும் சதுர அடைப்புக்குறி மட்டும் இனி போகாது.

வராத புலத்தைப் பற்றிப் பேசாதது

மேலே சொன்னதன் தம்பி இது. பாட் என்பது டெப்ளாய்மென்டின் ஓடும் பிரதி. ஒரு பாட்கூடத் தயாராக இல்லாதபோது, டெப்ளாய்மென்ட் ஸ்டேட்டஸில் ‘ரெடி ரெப்ளிகாஸ்’ (தயாரான பாட்களின் எண்ணிக்கை) என்ற புலம் பூஜ்யம் என்று வராது. அந்தப் புலமே வராது. ஏஜென்ட் “தகவல் கிடைக்கவில்லை” என்று மழுப்பும், அந்த நேரம் சர்வீஸ் மொத்தமாகப் படுத்திருக்கும். புலம் இல்லையென்றால் 0 என்று குறிப்பில் எழுதுங்கள். அதைவிட நல்லது, டூலிலேயே 0 போட்டு அனுப்புவது.

ஒரே மாதிரி மூன்று டூல்

‘நிலை பார்’, ‘விவரம் பார்’, ‘டெப்ளாய்மென்ட் பார்’. எதை எப்போது கூப்பிடுவது என்று எழுதியவருக்கே தெரியாது. ஒன்றாக்குங்கள்.

“படிக்க மட்டும்” என்று எழுதிவிட்டு நிம்மதியாக இருப்பது

குறிப்பு பூட்டு அல்ல. எம்சிபியில் ‘ரீட் ஒன்லி’ என்று குறிப்பதும் வெறும் சாடைதான், யாரையும் அது தடுக்காது. டூல் குபர்னெட்டிஸுக்குள் நுழையும் கணக்கு சர்வீஸ் அக்கவுண்ட்; அதன் ரோலில் (அனுமதிப் பட்டியலில்) கெட், லிஸ்ட், வாட்ச் என்ற படிக்கும் அனுமதிகள் மூன்றை மட்டும் கொடுங்கள். அப்புறம் குறிப்பில் என்ன வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம்.

சீக்ரெட்

கடவுச்சொல் போன்றவற்றை வைக்கும் சீக்ரெட்டில் மதிப்புகள் பேஸ்64 என்ற எழுத்து மாற்றத்தில் இருக்கும். யார் வேண்டுமானாலும் திருப்பிப் படிக்கலாம், அது மறைப்பு இல்லை. ஏஜென்ட் படிக்கக்கூடியவற்றின் பட்டியலில் சீக்ரெட்டைச் சேர்க்கவே வேண்டாம்.

ஈவென்ட் எவ்வளவு நேரம் இருக்கும் என்று சொல்லாதது

யாரும் மாற்றாவிட்டால் ஈவென்ட்கள் (கிளஸ்டரில் நடந்ததைச் சொல்லும் பதிவுகள்) 1 மணி நேரம்தான் தங்கும். காலை 9 மணிக்கு உட்கார்ந்து, ராத்திரி 2 மணிக்கு என்ன நடந்தது என்று கேட்டால், “அசாதாரணமாக எதுவும் இல்லை” என்று ஏஜென்ட் சொல்லும்.