ஸ்லுட்ஸ்க் இடைக்கச்சை கட்டும் முறை

18-ஆம் நூற்றாண்டுப் போலந்து-லித்துவேனியப் பிரபுவின் உடையில் கண்ணைப் பறிப்பது இடைக்கச்சைதான். ஜூபான் என்ற நீண்ட உள்ளங்கி, அதற்கு மேல் கோந்துஷ் என்ற மேலங்கி, எல்லாவற்றுக்கும் மேலே கச்சை. நீளம் சுமார் 3 முதல் 4.5 மீட்டர், அகலம் 30 முதல் 40 செ.மீ.

முதலில் நிறத்தை முடிவு செய்யுங்கள். ராட்ஜிவில் என்ற பிரபுக் குடும்பம் ஸ்லுட்ஸ்க் நகரில் (இன்றைய பெலாரஸ்) நடத்திய தறிக்கூடத்து உயர்ரகக் கச்சையில் முன், பின் என ஒவ்வொரு பக்கமும் நீளவாக்கில் இரு நிறமாகப் பிரிந்திருக்கும். ஆக, ஒரே துணியில் நான்கு தோற்றம். எவ்வளவு அழகான யோசனை! விழாவுக்குப் பொன்னும் சிவப்பும், துக்கத்துக்குக் கருநிறம் வெளியே வரும்படி நீளவாக்கில் இரண்டாக மடியுங்கள். சுற்றிய பிறகு மடித்தால் உள்நிறம் பிதுங்கித் தெரியும்.

ஒருவர் முனையைப் பிடித்துக்கொள்ள, இடுப்பைச் சுற்றித் தட்டையாகச் சுற்றுங்கள். முறுக்கு விழுந்தால் அவிழ்த்துத் திரும்பத் தொடங்குவதே நல்லது. முன்பக்கம் முடிச்சிட்டு, குஞ்சம் வைத்த முனைகளைத் தொங்கவிடுங்கள். முடிச்சை வெடுக்கென்று இழுக்கக் கூடாது. பட்டு தாங்கும், சரிகை இழை அறுந்துவிடும். கழற்றியதும் மடிக்காமல் உருளையில் சுற்றி வையுங்கள். ஒரே மடிப்பில் கிடந்தால் சரிகை அந்த இடத்தில்தான் முதலில் வெடிக்கும்.